குண்டன் நீந்தும் பக்கம்

செப்டம்பர் 3, புதன்

குண்டனின் தையல் விட்டுவிட்டது. காலையில் லேபில் தொட்டிக்குள் அழுத்தத்தை ஏற்றியதும் பக்கவாட்டில் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பியது. வெளியே எடுத்துத் துடைத்து, பசை தடவி, மின்விசிறிக்குக் கீழே வைத்தேன். அப்புறம் உருப்படியாக ஒரு வேலையும் பார்க்காமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்தும் அதே புலம்பல். அத்தை கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்: "யாரம்மிணி அந்தக் குண்டன்? எப்பப் பாரு அவன் பேச்சாவே இருக்குது?"

மாமியாருக்கு ஆராய்ச்சியை விளக்குவது வைவாவைவிடக் கஷ்டம். சாத்துக்குடி அளவில் ஒரு ரப்பர் பந்து, உள்ளே வெறும் காற்று, அதைக் கிளிசரின் தொட்டிக்குள் விட்டு மூடிச் சுற்றிலும் அழுத்தினால் ஓர் அளவு வரைக்கும் தாங்கும், அப்புறம் பொசுக்கென்று ஒரு பக்கம் குழி விழும், அந்த வேகத்தில் முன்னே ஒரு தாவு தாவும் என்றேன். அழுத்தத்தைக் குறைத்தால் குழி நிமிரும். நிமிரும்போது கொஞ்சம் பின்னே வரும்.

"முன்னாடி போயி பின்னாடி வந்தா நின்ன எடத்துலதானே நிக்கும்?"

சரியான கேள்வி. போன ரிவ்யூவில் ஒரு பேராசிரியரும் இதையேதான் கேட்டார்.

"போன மாதிரியே திரும்பினாத்தான் அத்தை அப்படி. இது குழி விழறது ஒரு விதம், நிமிர்றது வேற விதம். அதனால ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மிச்சம் நிக்கும். அந்த மிச்சத்துலதான் நீந்துது. கை இல்ல, கால் இல்ல, மோட்டார் இல்ல."

"அதனால யாருக்கு என்ன பிரயோசனம்?"

"இதையே கண்ணுக்குத் தெரியாத அளவுல செஞ்சா, ஒரு காலத்துல ரத்தத்துக்குள்ள மருந்தைத் தூக்கிட்டுப் போகும்."

அத்தை பேச்சைத் தன் மகன் பக்கம் திருப்பினார். "திருமூர்த்தி போன் பண்ணுனான். உன்னயக் கேட்டான்."

கீரையில் மண் இருந்தது. எடுத்துக்கொண்டு போய் அலசினேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

பசை காய்ந்துவிட்டது. குண்டன் நீந்துகிறான், ஆனால் இழுத்து இழுத்து.

செப்டம்பர் 8, திங்கள்

முத்துவேலப்பன் சார் அறைக்குக் கூப்பிட்டார். கைடு கதவைச் சாத்திவிட்டுப் பேசினாலே நல்ல சேதி இல்லை என்று அர்த்தம்.

"முப்பதாம் தேதி ரிவ்யூ. இதுதாம்மா கடைசி. போன தடவை என்ன சொல்லிட்டுப் போனாங்க, ஞாபகம் இருக்கா?"

எப்படி மறக்கும்? ஒரு பந்து நீந்தினால் அது அதிர்ஷ்டம், புதிதாக மூன்று வார்த்து எங்கள் முன்னால் விடுங்கள், மூன்றும் ஒரே பக்கம் போனால் ஒத்துக்கொள்கிறோம் என்றார்கள். போகாவிட்டால் பதிவு ரத்து. ஏழு வருடம் இந்தத் தொட்டியோடு மாரடித்ததெல்லாம் பொசுக்கென்று போய்விடும்.

"போகும் சார்," என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இருந்தது.

ஏன் போகாது? அச்சு என்னுடைய கணக்கு. ஒரு கிண்ணம், அதற்குள் அமுங்கும் ஒரு குமிழ். இரண்டுக்கும் நடுவே ரப்பர் பாலை ஊற்றினால் அரைப்பந்து. இரண்டு அரைப்பந்துகளை ஒட்டினால் ஒரு முழுப்பந்து, ஒட்டிய கோடுதான் தையல். இரண்டு அச்சுகளில் ஒன்றின் குமிழில் மட்டும், உச்சியில், கண்ணுக்குத் தெரியாத சின்ன மேடு வைத்து அடிக்கச் சொல்லியிருந்தேன். மேடு இருக்கும் இடத்தில் ரப்பர் மெலியும். மெலிந்த இடத்தில்தான் குழி விழும். எந்தப் பக்கம் குழியோ அதைப் பொறுத்துத்தான் போகும் பக்கம். குண்டன் எப்போதும் ஜன்னலைப் பார்த்துத்தான் போவான், ஒருநாளும் தப்பியதில்லை.

வரும் வழியில் பேக்கரியில் தேங்காய் பன் இரண்டு வாங்கினேன். அத்தைக்குச் சர்க்கரை, சாப்பிட மாட்டார். எனக்குத் தேங்காய் பன் பிடிக்காது. என்ன நினைப்பில் வாங்கினேன் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

நான் போவதற்குள் ஜெசிந்தா என் அச்சுகளைத் தின்னர் போட்டுக் கழுவித் துடைத்து வெயிலில் காயவைத்திருந்தாள். பக்கத்து மேஜை, என் செட், என்னைவிட இரண்டு வருடம் சீக்கிரம் முடிக்கப்போகிறவள். "இத்தனை அழுக்கோட வெச்சிருக்கியே டீ, ரிவ்யூவுக்கு வார்க்கறதைச் சுத்தமான அச்சுல வார்க்கலாமில்ல?" என்றாள். தங்கமான பெண். டீ வாங்கிக் கொடுத்தேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

புதுக் குண்டு ஒன்று: அடியில் குழி விழுந்து தலைகீழாகச் சுற்றியது.

புதுக் குண்டு இரண்டு: சுவர் பக்கம் போனது.

புதுக் குண்டு மூன்று: அதற்கு மனசே இல்லை. ஒரு தடவை இடது, ஒரு தடவை மேலே.

ரப்பர் பழசாக இருக்கும். வேறு டப்பா திறக்க வேண்டும். நான் பதறவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

பீரோவை ஒழித்தேன். பரணை ஒழித்தேன். அத்தை, "போதுஞ் சாமி, உட்காரு," என்று சொல்லிப் பார்த்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார். ஓசூரில் இருக்கும் என் வீட்டுக்காரரின் நீலக்கட்டம் போட்ட சட்டை ஒன்று கையில் அகப்பட்டது. பட்டன் இல்லை. தைத்து வைத்தேன். சும்மா இருப்பதற்கு அது ஒரு வேலை.

மத்தியானம் அவரே போனில் கூப்பிட்டார். ஓசூர் மில்லில் மெயின்டனன்ஸ் வேலையை நிரந்தரமாக்குகிறார்களாம். குவார்ட்டர்ஸ் தருகிறார்களாம். வேண்டுமா வேண்டாமா என்று மாசக் கடைசிக்குள் சொல்ல வேண்டுமாம்.

"நான் என்ன சொல்லட்டும், அம்மிணி?"

"ரிவ்யூ முடியட்டும்," என்றேன்.

"போன வருசமும் இதைத்தான் சொன்ன."

குக்கர் விசில் அடித்தது. வைத்துவிட்டேன். அடுப்பில் குக்கரே இல்லை. பக்கத்து வீட்டு விசில் அது.

செப்டம்பர் 16, செவ்வாய்

புது டப்பா ரப்பர். அதே கூத்து. ஒன்று மூலைக்குப் போய் முட்டிக்கொண்டு நின்றது.

கம்ப்ரசரைச் சந்தேகப்பட்டேன், பசையைச் சந்தேகப்பட்டேன், தொட்டி சாய்ந்திருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். ஜெசிந்தா ஏதோ சொல்ல வந்தாள். "உன் வேலையைப் பாரு," என்று கத்திவிட்டேன். அவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். லேபில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். இவர்களுக்கெல்லாம் வேறு வேலையே கிடையாது.

சார் வந்து பார்த்தார். "பழைய பந்தையே ஒட்டி கிட்டி வெச்சுக் காட்டும்மா. கேட்டா ஏதாவது சொல்லிக்கலாம்."

செப்டம்பர் 18, வியாழன்

குண்டன் ஏன் போகிறான், இவை ஏன் போகவில்லை? சோறு இறங்கவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

வெட்டிவிட்டேன்.

காலையில் குண்டனைக் கடைசியாக ஒருமுறை நீந்தவிட்டேன். குழி விழுந்ததும் கொஞ்சம் அமிழ்ந்து, ஒரு தாவு தாவி, நிமிர்ந்து, ஜன்னலைப் பார்த்து மெல்ல மெல்லப் போனான். அப்புறம் வெளியே எடுத்து, பிளேடால் தையலோடு தையலாக இரண்டாகப் பிளந்தேன். என்னிடம் இருந்த ஒரே நீச்சல்காரன். சாருக்குத் தெரிந்தால் என்னையும் அப்படியே பிளப்பார்.

ஒரு பாதியின் உட்பக்கம் வழவழவென்று இருந்தது. இன்னொரு பாதியின் உச்சியில் வட்டமாக ஒரு பள்ளம். ஐந்து பைசா அளவுகூட இருக்காது. அதுதான் மெலிவு, என் மேடு பதிந்த இடம் என்று சந்தோஷமாக லென்ஸைப் பிடித்தேன்.

பள்ளத்தில் கோடு கோடாக இருந்தது. வளைந்து வளைந்து, சுழி போல. ஓரத்தில் லேசாக மஞ்சள் கறை. முகர்ந்து பார்த்தேன். ரப்பர் வாசனைதான். ஆனாலும் எனக்குப் புரிந்துவிட்டது. அது ரேகை. ஒரு ஆளின் விரல் ரேகை.

ஜெசிந்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். நான் கத்தியதை மறந்துவிட்டுத்தான் வந்தாள். லென்ஸில் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி லென்ஸைப் பார்த்தாள்.

"ஏ ரேணு, இது சந்தனம் டீ. போன ஆயுத பூஜைக்கு உங்க வீட்டுக்காரர் வந்தாரே. கம்ப்ரசருக்கு, தொட்டிக்கு, கம்ப்யூட்டருக்கு, எனக்குக்கூடப் பொட்டு வெச்சாரே. அந்தக் குமிழுக்கும் வெச்சாரு. மொட்டத்தலையாட்டம் இருக்குதுன்னு சிரிச்சுக்கிட்டே உச்சியில வெச்சாரு."

"எனக்கு ஞாபகம் இல்லை," என்றேன்.

"உனக்கா? ரெண்டாவது குமிழுக்கு வெக்கப் போகும்போது நீ கத்துனது கேன்டீன் வரைக்கும் கேட்டுது."

செப்டம்பர் 20, சனி

கணபதி ஏரியாவில் அச்சு அடித்துக் கொடுத்த 3டி பிரிண்டிங் கடைக்குப் போனேன். கடைக்காரர் கம்ப்யூட்டரில் தேடிக் காட்டினார். நான் அனுப்பிய முதல் வரைபடத்தைத்தான் அடித்திருக்கிறார்கள். மேடு வைத்துத் திருத்தி அனுப்பியது அவர்கள் மெயிலிலேயே திறக்காமல் கிடக்கிறது. என் குமிழில் மேடே கிடையாது. ஒருநாளும் இருந்ததில்லை. மஞ்சள் பிளாஸ்டிக்கில் காய்ந்த சந்தனம் கண்ணுக்குத் தெரியவில்லை. ரப்பர் ஒட்டாமலிருக்க நான் அடித்த ஸ்ப்ரே அதை அப்படியே கெட்டியாக்கிப் பூட்டி வைத்துவிட்டது. ஜெசிந்தாவின் தின்னர் வரும்வரை.

என் சினாப்சிஸில் நான்காம் அத்தியாயம் முழுக்க அந்த மேட்டைப் பற்றித்தான்.

"இப்ப அடிச்சுக் குடுங்க," என்றேன்.

"பூஜை லீவு வருதுங்க மேடம். கையில இருக்கற ஆர்டரே முடியல. பத்தாம் தேதிக்கு மேல வாங்க."

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

செப்டம்பர் 22, திங்கள்

சரி, பொட்டுத்தானே! எனக்கு வைக்கத் தெரியாதா? அத்தையின் பூஜை அலமாரியிலிருந்து சந்தனத்தை எடுத்துப் போய், குழைத்து, குமிழின் உச்சியில் வைத்துக் காயவிட்டு, ஸ்ப்ரே அடித்து வார்த்தேன். பொட்டு தடித்துப்போனது. முதல் அழுத்தத்திலேயே அந்த இடம் கிழிந்தது.

செப்டம்பர் 23, செவ்வாய்

இன்று மெல்லிசாக வைத்தேன். ஓரம் உதிர்ந்து பிறைபோல் நின்றது. குண்டு கோணலாகப் போனது. மறுபடி வைத்தேன். வெடித்துவிட்டது. எனக்குப் பொறுமை கிடையாது, கை அழுத்திவிடுகிறது. ஒரு பொட்டு, ஒரே ஒரு பொட்டு என்னால் வைக்க முடியவில்லை. பயமாக இருக்கிறது. இதை எழுதினால் குறையும் என்று நினைத்தேன், குறையவில்லை.

செப்டம்பர் 25, வியாழன்

போன் செய்தேன். மதிய இடைவேளையில், கல்லூரி வாசலில் நின்று. ஒரே ரிங்கில் எடுத்தார்.

"என்னம்மிணி, அதிசயமா இருக்குது?"

"ஒண்ணு கேக்கணும். போன ஆயுத பூஜைக்கு லேபுல பொட்டு வெச்சீங்களே, எந்த வெரல்ல வெச்சீங்க?"

அந்தப் பக்கம் நூற்பு மெஷின்கள் ஓடும் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினார்.

"இதைக் கேக்கறதுக்கா போன் பண்ணுன?"

"ஆமா."

"மோதிர வெரல்ல. தண்ணி கம்மியா, வழுவழுன்னு குழைச்சு, தொட்டும் தொடாம எடுக்கோணும். எதுக்கு? மறுபடியும் திட்டறதுக்கா?"

"வந்து வெச்சுக் குடுக்க முடியுங்களா?"

"எதை? பொட்டா?"

"பொட்டுத்தான்."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "சனிக்கிழமை ஷிப்ட் மாத்திட்டு வர்றேன்," என்றார்.

அத்தையிடம் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "அவனாவே வர்றானா, நீ கூப்பிட்டியா?" லேப் வேலைக்கு என்றேன். "லேப்பு வேலைக்கு," என்று அத்தை திருப்பிச் சொல்லிவிட்டு ஆட்டுக்கல்லைக் கழுவ ஆரம்பித்தார். எங்கள் வீட்டில் கிரைண்டர் இருக்கிறது.

செப்டம்பர் 27, சனி

இளைத்திருக்கிறார். ஓசூர் சாப்பாடு சேரவில்லை போலிருக்கிறது. தைத்து வைத்த நீலக்கட்டச் சட்டையைப் போட்டுக்கொண்டு என்கூட லேபுக்கு வந்தார். உள்ளே வந்ததும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏன் இப்படி நிக்கறீங்க?"

"நீதானே சொன்ன? லேபுக்குள்ள வந்தா கையைக் கட்டிட்டு நில்லுங்க, இது உங்க மில்லு இல்லன்னு."

குத்திக்காட்டும் குரலில் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலச் சொன்னார். நான் குண்டனின் வெட்டிய பாதியை எடுத்து அவர் கையில் வைத்தேன். லென்ஸைக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு மோதிர விரலை உள்ளே விட்டுப் பள்ளத்தில் வைத்தார். அச்சாகப் பொருந்தியது.

"என் வெரலாட்டவே இருக்குது."

"உங்க வெரல்தான்."

"அப்ப நான் ஓசூர்ல இருந்தப்ப எல்லாம் இது உள்ள வெச்சுக்கிட்டேதான் நீந்துச்சா?"

"ஆமா."

அவர் விரலை எடுக்கவில்லை. "ரெண்டாவதுக்கும் வெச்சிருந்தா இன்னும் வேகமாப் போயிருக்குமோ?"

"ரெண்டு பக்கமும் மெலிஞ்சிருக்கும். ரெண்டு பக்கமும் மாறி மாறிக் குழி விழுந்து நின்ன எடத்துலயே நின்னிருக்கும்."

"அப்ப நீ கத்துனதும் நல்லதுக்குத்தான்," என்றார்.

ஜெசிந்தா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கை கழுவுகிற தொட்டிப் பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

பிறகு வேலை. சந்தனத்தை அவரே குழைத்தார். குமிழைக் கையில் வாங்கி, ஊதித் தூசி தட்டி, குழந்தை நெற்றியில் வைப்பது போல வைத்தார். காயும்வரை யாரும் அதன் பக்கம் மூச்சுவிடவில்லை. லேப் அடுப்பில் வைத்தால் ரப்பர் சீக்கிரம் இறுகும் என்பதால் சாயங்காலத்துக்குள் மூன்று அரைப்பந்துகள் வந்துவிட்டன. பொட்டில்லாத மொட்டைப் பாதிகள்தான் ஏற்கெனவே நிறையக் கிடக்கின்றனவே. பழக்க தோஷத்தில் அவர் இரண்டாவது குமிழையும் எடுத்தார். "வேண்டாம்!" என்று நானும் ஜெசிந்தாவும் ஒரே குரலில் கத்தினோம்.

வழியில் தேங்காய் பன் இரண்டு. இரண்டையும் அவரே தின்றார்.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஒட்டியாயிற்று. தொட்டியில் விட்டுப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. "விடு அம்மிணி, போறது போகட்டும்," என்று அவரே கம்ப்ரசர் வால்வைத் திறந்தார். முதல் குண்டு ஜன்னலைப் பார்த்துப் போனது. மற்ற இரண்டையும் நான் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன், அதிலேயே தெரிந்தது.

பஸ் ஸ்டாண்டில் கேட்டார்: "குவார்ட்டர்ஸ் விசயம். செவ்வாய்க்கிழமை சொல்லியாகோணும்."

"ரிவ்யூ முடியட்டும்."

தலையை ஆட்டிவிட்டு ஏறினார். பஸ் திரும்பும்வரை நான் அங்கேயே நின்றிருந்தேன். கூட்டம் அதிகம், நகர வழியில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

மூன்றும் ஜன்னல் பக்கம் போயின. மூன்றாவது கொஞ்சம் சாய்ந்து போனது, ஆனாலும் ஜன்னல் பக்கம்தான். கமிட்டியில் ஒருவர் எழுந்து வந்து தொட்டியில் மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்தார். முத்துவேலப்பன் சார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

வெளியூரிலிருந்து வந்திருந்த மேடம் கேட்டார்: "இந்த மெலிவை எப்படிக் கொண்டு வந்தீங்க? சினாப்சிஸ்ல அச்சுல மேடு வெச்சதா இருக்கே?"

சார் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. ஒரே வார்த்தை.

"அச்சுல மேடு இல்லைங்க மேடம். கடையில பழைய வரைபடத்தை அடிச்சுட்டாங்க, நான் கவனிக்கல. அது சந்தனப் பொட்டு. என் வீட்டுக்காரர் ஆயுத பூஜைக்கு வெச்சது." குண்டனின் பாதியை எடுத்து நீட்டினேன். ரேகையைப் பார்த்துவிட்டு முதலில் மேடம் சிரித்தார், பிறகு எல்லாரும். சார் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப அந்த மனுசன் இல்லாம உங்க பந்து நீந்தாதா?"

"நீந்துங்க மேடம். மேட்டை அளந்து அச்சுலயே அடிச்சுட்டா அவர் தேவையில்லை. ஆறு மாசம் குடுத்தா செஞ்சு காட்டிடுவேன். நாலாம் அத்தியாயத்தையும் திருத்திடறேன்."

வெளியே நிற்கச் சொன்னார்கள். நகம் கடிக்க ஒன்றும் மிச்சமில்லை. சார் வந்து, "ஆறு மாசம்," என்றார். அப்புறம், "பிழைச்சே, போ," என்றார்.

வேப்பமரத்தடியில் நின்று போன் செய்தேன்.

"என்னாச்சு அம்மிணி?"

"ஆறு மாசம் குடுத்திருக்காங்க. அச்சை மாத்தணும். மாத்திட்டா அப்புறம் நீங்க வந்து பொட்டு வெக்க வேண்டியதில்லை. நீங்க தேவையில்லைன்னு கமிட்டியிலயே சொல்லிட்டேன்."

"ஓ." மெஷின் சத்தம். "நல்லதாப் போச்சு. அப்ப நான் இங்க சரின்னு சொல்லிடறேன்."

"அச்சுக்குத்தான் வேண்டாம்னு சொன்னேன்."

மெஷின் சத்தம் இன்னும் பெரிதாகக் கேட்டது.

"காது கேக்குதுங்களா? அச்சுக்கு மட்டும்தான்."

"கேக்குது, கேக்குது. சொல்லு."

திரும்பி வாங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படிச் சொல்லியே பழகிவிட்டது. நிறுத்திக்கொண்டு, "வர்றீங்களா?" என்று கேட்டேன். பொட்டு வைக்கக் கேட்டதை விட்டால், கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் அவரிடம் கேட்டது இதுதான் முதல் தடவை என்றார். மற்றதெல்லாம் உத்தரவாம்.

அக்டோபர் 1, புதன்

விடிகாலை பஸ்ஸில் வந்து இறங்கினார். குவார்ட்டர்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். நோட்டீஸ் காலம் மட்டும் அங்கே இருந்துவிட்டு வரவேண்டும். அத்தை விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பொரியில் பொட்டுக்கடலையைக் கலந்தார், இரண்டு படி அதிகமாக.

லேபில் பூஜை. கம்ப்ரசர், தொட்டி, கம்ப்யூட்டர், ஜெசிந்தா, எல்லாருக்கும் பொட்டு. அச்சுக் குமிழ் இரண்டையும் ஜெசிந்தா முன்னாலேயே தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டிருந்தாள்.

குண்டனின் பாதியைப் பூஜைத் தட்டில் யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை. அவர் அதையும் கையில் எடுத்தார். வைக்கப் போனவர், நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"உள்ள வெக்கட்டுமா, வெளிய வெக்கட்டுமா?"

"வெளிய வெய்யுங்க," என்றேன். "உள்ளதான் ஏற்கெனவே இருக்குதே."